பைக் லெதர் ஜாக்கெட்: பழுதுபார்ப்பிலும் பராமரிப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைக் ஓட்டுபவர்கள் தங்கள் லெதர் ஜாக்கெட்டையும் ரேஸ் சூட்டையும் தாங்களே தைக்கவும் பராமரிக்கவும் தொடங்கியிருப்பது வரவேற்க வேண்டியதுதான். ஆனால் சென்னை பெரியமேட்டில் என் மேசைக்கு வந்து சேரும் உருப்படிகளைப் பார்த்தால், நான் தொழில் பழகிய காலத்தில் எங்கள் பட்டறையில் நடந்த அதே பிழைகள் வரிசை மாறாமல் மறுபடியும் நடப்பது தெரிகிறது. வாஷிங் மெஷினில் போடக்கூடாது, இஸ்திரிப் பெட்டியை வைக்கக்கூடாது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. விவரம் தெரிந்தவர்களே செய்யும் தவறுகள்தான் அதிகம் சேதம் செய்கின்றன.

பிரிந்த தையலின் மேல் புதுத் தையல் ஓட்டுவது

மற்ற தவறுகளையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. துணியில் ஊசி இறங்கும்போது இழைகள் விலகி வழிவிடும், ஊசி வெளியேறியதும் மறுபடி கூடிவிடும். தோலுக்கு அந்த வசதி கிடையாது. தோல் தைக்கும் இயந்திர ஊசியின் முனை வெட்டும்படி தீட்டப்பட்டிருக்கும். அது நார்களை அறுத்துக்கொண்டே போகும், அறுத்த துளை ஒருபோதும் மூடாது. பழைய துளைகளுக்குப் பக்கத்திலேயே புதிய துளைகளை நெருக்கமாகப் போட்டால், அந்த இடம் தபால்தலைத் தாளில் கிழிப்பதற்கென்றே போடப்படும் துளை வரிசையாகிவிடுகிறது.

தாம்பரத்திலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். இருங்காட்டுக்கோட்டை பந்தயப் பாதையில் ஓட்டிப் பழகுவதற்காக யாரிடமோ பழைய சூட் ஒன்றை வாங்கியிருந்தார். அதில் இடது தோள்பட்டையும் கையும் சேரும் இடத்தில் தையல் விரலளவு நீளத்துக்கு விட்டிருந்தது. அதை ஒரு பை தைக்கும் கடையில் கொடுத்திருக்கிறார். அவர்கள் ஒரு வரிசை போதாது என்று மூன்று வரிசை ஓட்டி, ஒவ்வொரு தையலையும் ஒன்றரை மில்லிமீட்டருக்குப் போட்டுத் தந்திருந்தார்கள். பார்வைக்கு மிக உறுதியாக இருந்தது. கையையும் தோளையும் பிடித்து நான் எதிரெதிராக இழுத்தபோது, நூல் ஓரிடத்திலும் அறாமல், நூலை ஒட்டியிருந்த தோல் சரசரவென்று கிழிந்து வந்தது.

“நூல் நல்லாத்தானே இருக்குண்ணா?” என்றார்.

“நூல் நல்லாத்தான் இருக்கு தம்பி, அதைப் பிடிச்சுக்கத் தோல்தான் இல்லை” என்றேன்.

கட்டணமில்லாமல் தைத்துக் கொடுத்திருக்கக்கூடிய அந்தப் பழுதுக்காக, கடைசியில் தோள் பகுதித் தோல் முழுவதையும் வெட்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. சூட்டுக்கு அவர் கொடுத்த விலையில் பாதி அதற்கே போனது. அதிலும் சூட் கறுப்பாக இருந்ததால் தப்பித்தார். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோலெல்லாம் வந்து சேரும் பெரியமேட்டில் 1.2 மில்லிமீட்டர் கனத்தில் கறுப்பு மாட்டுத்தோல் கிடைப்பது எளிது. சிவப்போ நீலமோ என்றால் பழைய நிறத்துக்கு ஒத்துவரும் தோலைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

இதில் இன்னொரு கண்ணிவெடியும் உண்டு. தரமான பைக் ஜாக்கெட்டில் முக்கியமான இணைப்பு ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு தையல்கள் இருக்கும். இரண்டு தோல்களையும் உண்மையில் பிடித்திருப்பது வெளியே தெரியாத உள்தையல். வெளியே தெரியும் மேல்தையல் மடிப்பை அமர்த்தி வைப்பதற்கும், சாலையில் உரசும்போது முதலில் தேய்வதற்கும்தான். மேல்தையல் தேய்ந்து போனாலும் உள்தையல் பிடித்துக்கொள்ளும் என்பதே இந்த அமைப்பின் நோக்கம். ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 17092, ஓட்டுநர் உடையின் உராய்வுத் தாங்குதிறனைச் சோதிப்பதோடு நில்லாமல் தையலின் வலிமையைத் தனியாகவும் சோதிப்பது இந்தக் காரணத்தால்தான். நம்மவர்களோ கண்ணுக்குத் தெரியும் மேல்தையலை மட்டும் போட்டுவிட்டு, உள்தையல் பிரிந்து கிடப்பதைக் கவனிக்காமலே வண்டியை எடுக்கிறார்கள். கையின் நுனியிலோ உள்பாக்கெட்டுக்குள்ளோ லைனிங்கை ஒரு சாண் பிரித்து, உடையை உள்புறம் வெளியே வரும்படி இழுத்துப் பார்க்காமல் எந்தத் தையலையும் தொடக்கூடாது.

சரியான முறையில் அவசரத்துக்கு இடமில்லை. அறுந்த நூலைத் துளைகள் சேதப்படாமல் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மொண்ணை முனையுள்ள இரண்டு ஊசிகளை ஒரே நூலின் இரு நுனிகளிலும் கோத்து, பழைய துளைகள் வழியாகவே இரு பக்கமிருந்தும் மாறி மாறிக் கையால் தைத்து வர வேண்டும். இயந்திரத் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் அக்கம்பக்கத்துத் தையல்களும் தளர்ந்துவிடும். இந்த இரட்டை ஊசித் தையலில் ஓர் இழை அறுந்தாலும் மற்றொன்று பிடித்து நிற்கும். பிரிந்த இடத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் முன்னதாகவே தொடங்கி, அதே அளவு தாண்டிச் சென்று, மூன்று நான்கு தையல் திரும்பி வந்து முடிக்க வேண்டும். பழைய துளைகள் பெரிதாகிவிட்டிருந்தால் உள்பக்கம் மெல்லிய தோல் பட்டை ஒன்றை வைத்து, அதையும் சேர்த்துத் தைக்கலாம். இயந்திரத்தில்தான் தைத்தாக வேண்டும் என்றாலும் தையலின் நீளம் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது.

பருத்தி நூல்

வேண்டாம். வியர்வையில் இற்றுப்போகும், இழைகள் பிரியாதபடி பூச்சுப் போட்ட பாண்டட் நைலான் அல்லது பாலியஸ்டர் நூலைக் கேட்டு வாங்குங்கள்.

மழைக்குப் பிறகு மொட்டைமாடி

நனைந்த ஜாக்கெட்டை வெயிலில் காயப்போடுவது நம் ஊரில் கை தானாகச் செய்கிற காரியம். தோலின் நார்களுக்கு இடையே பதனிடும்போது ஏற்றிய எண்ணெய் இருக்கிறது. அதுதான் நார்களை ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வைக்கிறது. ஈரத்தோடு கறுப்புத் தோலைச் சூடான தரையின் மேல் போட்டால், நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி உடை விறைத்துப் போகும். அகலமான தோள் உள்ள ஹேங்கரில் மாட்டி, மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். விழும்போது அடி தாங்கும் காப்பு அட்டைகளைத் தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும் முதலில் எடுத்துவிட வேண்டும். அவற்றுக்குப் பின்னால் தேங்கும் ஈரம் கடைசிவரை காயாது.

வெள்ளைப் படலத்தைக் கண்டதும் எண்ணெய் தடவுவது

ஐப்பசி, கார்த்திகையில் பீரோவைத் திறந்தால் ஜாக்கெட்டின் மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கும். தோல் வறண்டுவிட்டது என்று நினைத்துத் தேங்காய் எண்ணெயைத் தேய்க்கிறார்கள். குளிர்ந்த, வறண்ட நாட்டுக்காரர்கள் எடுத்த வீடியோவைப் பார்த்து மாதந்தோறும் எண்ணெய் போடுபவர்களும் உண்டு. சென்னைக் காற்றில் தோல் வறண்டு சாவது குறைவு, பூஞ்சையில் கெடுவதே அதிகம். அளவுக்கு மீறிய எண்ணெய் தோலைத் தொய்வாக்கி, தூசியைப் பிடித்து, அந்தப் பூஞ்சைக்கும் தீனி போடுகிறது.

அந்த வெள்ளை எது என்று முதலில் பார்க்க வேண்டும். ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து மிதமான சூட்டில் காட்டும்போது வெள்ளை உருகி மறைந்தால், அது தோலுக்குள்ளிருந்து மேலே வந்த கொழுப்பு. துணியால் துடைத்தால் போதும். மறையாமல், மக்கிய வாடையும் அடித்தால் பூஞ்சை. அதை வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து நனைத்த துணியால் துடைக்கலாம்; சாயம் போகிறதா என்று காலருக்கு அடியில் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டும். அந்துருண்டை பூச்சிக்கானது, பூஞ்சைக்கானது அன்று. பிளாஸ்டிக் உறையில் மூடி வைப்பது பூஞ்சையைக் கூப்பிட்டு உட்கார வைப்பதற்குச் சமம்.

ஜிப் மூடவில்லை என்றால்

பற்கள் முழுமையாக இருந்தால் ஸ்லைடரை மட்டும் மாற்றிப் பாருங்கள். முழு ஜிப்பையும் பிரித்தால் மறுபடி துளைகள்தான்.

விழுந்த இடத்தின் மேல் ஒட்டுப் போடுவது

கீழே விழுந்து முழங்கையில் தோல் தேய்ந்துவிட்டால், அதன்மேல் ஒரு துண்டைப் பசை வைத்து ஒட்டி, ஓரம் தைத்து, பிராண்ட் பட்டையால் மறைத்து விற்கிறார்கள். பழையதை வாங்கும்போது தேவையில்லாத இடத்தில் பட்டை இருந்தால் அதற்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். அடுத்த முறை விழும்போது ஒட்டின் ஓரம் தரையில் மாட்டிப் பெயர்ந்துவிடும். அடியில் இருப்பதோ ஏற்கெனவே பாதி தேய்ந்த தோல். தேய்ந்த பகுதியை ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை முழுத் துண்டாக மாற்றுவதே பழுதுபார்ப்பு. தோலை விரலில் மடித்துப் பார்க்கும்போது மேற்பூச்சு மட்டும் கீறினால் சாயம் பூசிச் சமாளிக்கலாம். வெடிப்புக்குள் நார் தெரிந்தால் அந்த ஜாக்கெட்டைக் கடைவீதிக்குப் போட்டுக்கொண்டு போகலாம், பைக்கில் ஏறும்போது போடக்கூடாது.