களிமண் கலங்கலில் துகள்கள் சாயும் கோணத்தை ஒளியால் அளத்தல்

தட்டையான அல்லது நீளமான நுண்துகள்கள் மிதக்கும் நீர் அசையாதிருக்கும்போது, நீர் மூலக்கூறுகள் இடைவிடாமல் மோதுவதால் எழும் பிரௌனியன் இயக்கம் அவற்றை எல்லாத் திசைகளிலும் திருப்பிப் போடுகிறது. நீர் ஓடத் தொடங்கியதும் அவை ஓட்டத்தின் போக்கில் சாயத் தலைப்படுகின்றன. அப்போது அந்த நீர் ஒரு படிகத்தைப் போல ஒளியை இரண்டாகப் பிரிக்கிறது. இந்த இரட்டை ஒளிவிலகலை மேக்ஸ்வெல் 1873இல் கனடா பால்சம் என்னும் பிசினைக் கொண்டு விவரித்தார். போலராய்டு தாள் ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும்; குறுக்காக வைத்த அத்தகைய இரு தாள்களுக்கு நடுவே இக்கலங்கல் ஓடினால் இருட்டு வெளிச்சமாகும். பலரும் அந்த வெளிச்சத்தை மட்டும் அளந்து நிறுத்திக்கொள்கிறார்கள். வெளிச்சம் துகள்களின் செறிவோடும் விளக்கின் வலிமையோடும் மாறும். துகளின் அளவைச் சொல்வது சாயும் கோணமே.

இராமநாதபுரம் கரையோரக் கல்லூரிகளில் இதைச் செய்ய விரும்புவோர் முதலில் கட்டக்கோரைப் பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்னும் கூழ்ப்பொருளையே நினைப்பார்கள். ஆனால் அதன் இழைகள் வளைந்து கொடுப்பவை. அவை தரும் ஒளிக்குறி எளிய கருவிக்குப் போதாது. ஆழ்குழாய்க் கிணறு தோண்டுவோர் சேறு கலக்கப் பயன்படுத்தும் சோடியம் பென்டோனைட்டே இதற்கு ஏற்றது. லிட்டருக்கு 2 கிராம் வீதம் காய்ச்சி வடித்த நீரில் நன்றாகக் கலக்கி, ஓர் இரவு அசைக்காமல் வைத்து, மேலுள்ள 10 சென்டிமீட்டர் நீரை மட்டும் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். 2 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட மணிகள் அதற்குள் அந்த ஆழத்தைக் கடந்து கீழே போயிருக்கும்.

இந்த ஊரில் வேலையைக் கெடுப்பது உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு; அதில் ஒரு சிறு பங்கு கலந்தாலே களிமண் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். கிணற்று நீர் கரிக்கவில்லை என்பதற்காக அதை நம்பக் கூடாது. கால்சியம் சோடியத்தைவிடக் கடுமையாகத் திரளச் செய்யும். கலங்கலை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி, போலராய்டுகளுக்கு நடுவே மெல்லச் சுழற்றிப் பாருங்கள்: நல்ல கலங்கலில் பட்டுத்துணி மடிப்பைப் போன்ற ஒளிக்கீற்றுகள் எழுந்து, கை நின்றதும் மறையும். திரண்ட கலங்கலோ பொடிப்பொடியாகத் தெரிந்து சில மணி நேரத்தில் அடியில் படிந்துவிடும். கச்சான் காற்று வலுக்கும் ஆனி, ஆடி மாதங்களில் உப்புப்படலம் கண்ணாடியின் மீதும் படியும் என்பதால், ஒவ்வொரு முறையும் அதைக் காய்ச்சி வடித்த நீரால் துடைத்த பிறகே தொடங்குங்கள்.

கருவி இரண்டு உருளைகளால் ஆனது. 25 மில்லிமீட்டர் உள் ஆரமுள்ள நிலையான உருளைக்குள் 24 மில்லிமீட்டர் ஆரமுள்ள உருளை சுழல வேண்டும். இடைவெளியில் 20 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கலங்கல் நிற்கட்டும். வெளி உருளைக்குக் கண்ணாடி அடித்தட்டு தேவை. அக்ரிலிக் வேண்டாம், அதன் உள்ளே உறைந்திருக்கும் தகைவே ஒளியைப் பிரிக்கும். கண்ணாடியையும் திருகுகளால் இறுக்கிவிட்டால் அதே கோளாறு வரும் என்பதால், முதலில் வெறும் நீரை ஊற்றி, வளையம் முழுவதும் இருட்டாக இருப்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். உருளைச் சுவர்களுக்குக் கறுப்பு பூசுங்கள். மோட்டார் பார்வையை மறைக்காதபடி பக்கவாட்டில் இருந்து பெல்ட்டால் சுழற்றட்டும். அடியில் ஒற்றை நிற எல்இடி விளக்கும் ஒரு போலராய்டும், மேலே அதற்குக் குறுக்காக மற்றொரு போலராய்டும், அதற்கு மேல் ஒரு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் கேமராவும் இருக்க வேண்டும். கேமரா கிட்ட இருந்தால் குறுகிய இடைவெளியின் அடிப்பகுதியை உருளையின் விளிம்பே மறைத்துவிடும்.

சுழற்சி தொடங்கியதும் ஒளிரும் வளையத்தில் நான்கு கரிய கைகளுடன் ஒரு சிலுவை தோன்றும். சிலுவையின் ஒரு கைக்கும் போலராய்டின் அச்சுக்கும் இடையிலான சிறிய கோணமே நாம் தேடுவது. மிக மெதுவான சுழற்சியில் அது 45 பாகையை நெருங்கும். வேகம் கூடக்கூடச் சுழியத்தை நோக்கிக் குறையும். வலஞ்சுழியாகச் சுழற்றி ஒரு படமும் இடஞ்சுழியாகச் சுழற்றி ஒரு படமும் எடுத்து, ஒரே கையின் இரு நிலைகளுக்கு இடைப்பட்ட கோணத்தைப் பாதியாக்கினால், போலராய்டைப் பொருத்தியதில் நேர்ந்த பிழை தானே நீங்கிவிடும்.

இக்கருவியில் நிமிடத்துக்கு 4 சுற்று என்பது நொடிக்கு ஏறத்தாழ 10 என்ற திசைவேகச் சரிவை, அதாவது இடைவெளியின் குறுக்கே நீரின் வேகம் மாறும் வீதத்தை, தரும். கோணம் 45 பாகையிலிருந்து எவ்வளவு குறைந்தது என்பது, திசைவேகச் சரிவைத் துகளின் சுழற்சி விரவல் எண்ணால் (பிரௌனியன் இயக்கம் துகளை எவ்வளவு விரைவாகத் திருப்பிப் போடுகிறது என்பதன் அளவு) வகுத்து 4.8ஆல் பெருக்கியதற்குச் சமம். குறைவு சில பாகைகளைத் தாண்டாத வரைதான் இது பொருந்தும். கோணம் 43 பாகை என்றால் விரவல் எண் நொடிக்கு 24; அது ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர் விட்டமுள்ள தட்டுக்கு உரியது. விட்டம் இருமடங்கானால் இந்த எண் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும் என்பதால், கலங்கலில் பல அளவுகள் கலந்திருந்தால் கிடைக்கும் விடை பெரிய துகள்களின் பக்கமே சாய்ந்திருக்கும்.

வெப்பநிலையை ஒவ்வொரு படத்தோடும் குறித்துக்கொள்ளுங்கள். நீரின் பாகுநிலை 25 பாகை செல்சியசில் 0.89 மில்லிபாஸ்கல் நொடி, 35 பாகையில் 0.72, இதனால் மட்டுமே விரவல் எண் காலையிலிருந்து பிற்பகலுக்குள் ஏறத்தாழக் கால்பங்கு கூடிவிடக்கூடும். கலங்கலைப் பாதியாக நீர்க்கச் செய்து மறுபடி அளந்தும் கோணம் மாறாவிட்டால், துகள்கள் ஒன்றையொன்று இடிக்கவில்லை என்று கொள்ளலாம். உள் உருளை சுழலும் அமைப்பில் நீர்த்த கலங்கலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 சுற்றைத் தாண்டினால், இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1923இல் விளக்கிய வளையச் சுழல்கள் எழுந்து சிலுவை கலைந்துவிடும். அதற்கு மேல் எடுத்த படங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.