போல்டு இட்டாலிக் செரிஃப் எழுத்துருவில் தலைப்பு வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தடிமன் (போல்டு), சாய்வு (இட்டாலிக்), கோட்டு முனைகளில் வரும் சின்னக் கால்களான செரிஃப் மூன்றும் சேர்ந்த டிஸ்ப்ளே எழுத்துரு, அதாவது தலைப்பு போலப் பெரிதாக வைக்க வரைந்த எழுத்துரு, தானாகவே போதுமான சத்தம் போடும். பெரும்பாலும் அதன் மேல் நாம் எதையாவது சேர்க்கப் போகும்போதுதான் கெடுகிறது.

அதிலும் மோசமானது போலிச் சாய்வு. கையில் எழுத்துருவின் ரெகுலர் (தடிப்பும் சாய்வும் இல்லாத சாதாரண) கோப்பு மட்டும் இருக்கும். போல்டு, இட்டாலிக் பொத்தான்களை அழுத்தினால் பல மென்பொருள்கள் கோட்டைத் தடிப்பாக்கி, எழுத்தைச் சாய்த்துச் சமாளித்துவிடும். அது இட்டாலிக் ஆகாது. இட்டாலிக் என்பது தனியாக வரையப்படுவது. 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனுஷியஸ் இட்டாலிக்கிலேயே அச்சிட்ட ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் நூலுக்கு, கையெழுத்தை ஒட்டி அச்செழுத்து வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அந்தக் கையெழுத்துச் சாயல் இன்றும் போகவில்லை. ஆங்கிலச் சின்ன ‘ஏ’ (a) மேல் கொக்கி இல்லாமல் ஒரே வயிறோடு நிற்கும். ‘எஃப்’ (f) பல எழுத்துருக்களில் அடிக்கோட்டுக்குக் கீழே வால் நீட்டும். ரெகுலரில் உள்ள அதே வடிவங்கள் சாய்ந்து மட்டும் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். இணையத்தில் என்றால், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில், உலாவி போலித் தடிப்பும் சாய்வும் செய்ய விடும் ஃபான்ட்-சிந்தசிஸை (font-synthesis) அணைத்துப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது அளவு. போடோனி, டிடோ பாணி எழுத்துக்களில் தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வித்தியாசம் மிக அதிகம். 60 பாயின்ட்டில் அழகாக இருக்கும் அந்த முடியளவு கோடு, 12 பாயின்ட்டில் பாதி காணாமல் போகும். ஆகவே பத்திக்கு இது வேண்டாம். எழுத்துருவில் ஆப்டிகல் சைஸ் வசதி இருந்தால் சின்ன அளவுக்கு அதற்கென்று வரைந்த வடிவம் கிடைக்கும். டிஸ்ப்ளே வடிவத்தையே சுருக்கத் தேவையில்லை.

எழுத்து இடைவெளியைச் சின்ன எழுத்துக்களில் அகட்டாதீர்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடும் அந்த ஓட்டம்தான் இட்டாலிக்கின் உயிர். முழுக்கப் பெரிய எழுத்தில் போடுவதும் எனக்குப் பிடிக்காது, சுழிவு வைத்த ஸ்வாஷ் எழுத்துக்கள் என்றால் இன்னும் மோசம்: ஒன்றிரண்டு வரை சரி, எல்லாமே சுழித்தால் வாசிக்கவே முடியாது. நிழல், அவுட்லைன் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பலர் கவனிக்காத இடம் ஓரங்கள். சாய்ந்த ‘எஃப்’ தன் கட்டத்தைத் தாண்டி நீளும். அதன் பின்னால் நேரான அடைப்புக்குறியோ மேற்கோள் குறியோ வந்தால் இடிக்கும். அங்கே கெர்னிங்கை, அதாவது அந்த இரண்டு குறிகளுக்கு இடையிலான இடைவெளியை, கையால் சரிசெய்ய வேண்டும். இணையப் பக்கத்தில் பெட்டிக்கு, வெளியே நீள்வதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ ஹிடன் (overflow: hidden) கொடுத்திருந்தால் வாலே வெட்டுப்பட்டுப் போகும், பக்கவாட்டில் கொஞ்சம் பேடிங் (உள் இடைவெளி) கொடுத்தால் தீரும். வரி இடைவெளியை நெருக்கும்போது, மேல் வரியின் ‘ஜி’ (g) கீழ் வரியின் ‘எல்’லில் (l) மோதுகிறதா என்று அசல் தலைப்பை வைத்தே பாருங்கள், மாதிரி வாசகத்தை வைத்து அல்ல.

அப்புறம் தமிழ். இந்த வகை எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துக்கள் இருக்காது. உலாவி வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்து, அதையும் சாய்த்துவிடும். தமிழ்ப் பகுதிக்குத் தனியாக ஒரு தடித்த எழுத்துருவைக் குறிப்பிட்டு, நேராகவே நிற்க விடுங்கள்.