தலைகீழாக நின்றாலும் அது முக்கோணம்தான்: ஓவியத்தின் வழியே வடிவங்களைக் கற்பிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் குடியிருப்பின் பொது அறையில், ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள ஏழெட்டுத் தமிழ்க் குழந்தைகளுக்குப் படம் வரையப் பழக்குகிறேன். ஒரு நாள், வண்ணத்தாளில் வெட்டிய முக்கோணம் ஒன்றை முனை கீழே இருக்குமாறு பலகையில் ஒட்டினேன். நான்கரை வயதுப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, "மாமி, இது முக்கோணம் இல்லை, விழுந்துடுத்து" என்று சொல்லி, அதை நிமிர்த்தி ஒட்டிவிட்டுப் போனாள்.

அவள்மேல் பிழையில்லை. அவள் பார்த்த சுவர்ப்படம், வண்ணம் தீட்டும் புத்தகம், பிளாஸ்டிக் பொம்மை என எல்லாவற்றிலும் முக்கோணம் மூன்று பக்கமும் சமமாக, அடிப்பக்கம் தரையில் படிய உட்கார்ந்திருந்தது. ஒரு வடிவத்தை ஒரே தோரணையில் காட்டுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. மற்றவற்றில் பாதி இதன் கிளைகள். சிறு குழந்தை பக்கங்களையும் மூலைகளையும் எண்ணி வடிவத்தை அறிவதில்லை, மொத்தத் தோற்றத்தைக் கொண்டே அடையாளம் காண்கிறது என்பதை, நெதர்லாந்தைச் சேர்ந்த கணித ஆசிரியர்களான வான் ஹீலே தம்பதியர் 1957-ஆம் ஆண்டில் அளித்த தங்கள் ஆய்வேடுகளில் விளக்கினார்கள். கதவைப் போல் இருந்தால் செவ்வகம், சமோசாவைப் போல் இருந்தால் முக்கோணம் என்பது அந்த வயதின் கணக்கு. ஆகவே நாம் காட்டும் தோற்றங்கள் குறைந்தால், குழந்தை மனத்தில் பதியும் வடிவமும் அந்த அளவுக்குக் குறுகிவிடும்.

இதற்கு மாற்று கடினமானதன்று. பழைய காலண்டர் தாளில் ஒல்லியாக நீண்டது, குட்டையாகப் பரந்தது, ஒரு மூலை செங்குத்தாக நிற்பது எனப் பலவகை முக்கோணங்களை வெட்டிக் குழந்தையின் கையில் கொடுத்துத் திருப்பித் திருப்பி ஒட்டவிட வேண்டும். ஒவ்வொன்றின் மூலையையும் விரலால் தொட்டு எண்ணச் சொல்ல வேண்டும். மூன்று கோணம் என்ற எண்ணிக்கை முக்கோணம் என்ற பெயருக்குள்ளேயே இருப்பது நமக்கு வசதி. அவற்றோடு ஒரு பக்கம் வளைந்ததையும், ஒரு மூலை கத்தரிக்கப்பட்டதையும் கலந்து வைத்து, "இது ஏன் சேராது?" என்று கேட்கவும் தவறக் கூடாது. எது முக்கோணமில்லை என்று சொல்லத் தெரிந்த பிறகுதான் எது முக்கோணம் என்பது உறுதிப்படுகிறது.

மும்பையில் வாழ்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. பால்கர் மாவட்டத்துப் பழங்குடியினரின் வார்லி ஓவியம் பெரும்பாலும் வட்டம், முக்கோணம், சதுரம் ஆகியவற்றைக் கொண்டே உலகத்தைக் கட்டுகிறது. அதில் மனித உடல் என்பது முனையோடு முனை சேர்ந்த இரண்டு முக்கோணங்கள். மேலே உள்ளது தலைகீழாக நிற்கிறது, இடுப்பு இருக்கும் இடத்தில் இரண்டும் சந்திக்கின்றன. செம்மண் சுவரில் அரிசி மாவுக் கரைசலைக் கொண்டு வரைவது அவர்கள் மரபு. மாக்கோலமும் செம்மண்ணும் அறிந்த வீட்டுக்கு அது அந்நியமானதன்று. இந்த ஓவியத்தை வெளியுலகம் அறியச் செய்தவர்களில் ஒருவரான ஜிவ்யா சோமா மாஷேவுக்கு 2011-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆனால் அச்சிட்ட வார்லிப் படத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்வதால் பயனில்லை. பழுப்புத் தாளில் குழந்தையே வெள்ளை முக்கோணங்களை ஒட்டி ஒரு ஆளை ஆட வைக்கும்போது, உடல் சாய்ந்தால் முக்கோணமும் சாயும் என்பது அதன் கைக்குத் தெரிந்துவிடுகிறது.

சதுரத்துக்கும் இதே கதிதான். சற்றுத் திருப்பி வைத்தால் 'டைமண்ட்' என்கிறார்கள். சாய்சதுரம் என்ற தமிழ்ச் சொல்லும், சாய்த்து வைத்த சதுரம் வேறொரு வடிவம் என்ற மயக்கத்தைத் தருகிறது. இங்கே கோலம் கைகொடுக்கும். ஐந்து புள்ளி, ஒன்றில் நிறுத்தும் நேர்ப்புள்ளிக் கோலத்தில் 1, 3, 5, 3, 1 எனப் புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்து, ஓரத்து நான்கு மூலைப் புள்ளிகளை இணைத்தால் ஒரு மூலையை ஊன்றி நிற்கும் சதுரம் கிடைக்கும். தாளைச் சற்றுத் திருப்பினால் அதுவே வழக்கமான சதுரம். குழந்தையைக் கொண்டே தாளைத் திருப்ப வைப்பது அவசியம். நாம் திருப்பிக் காட்டினால் அது வேடிக்கை பார்ப்பதோடு நின்றுவிடும்.

வயதை மறந்து பென்சிலைத் திணிப்பது இன்னொரு தவறு. பார்த்து வரைவதில் வட்டம் ஏறத்தாழ மூன்று வயதிலும், சதுரம் நான்கு வயதையொட்டியும், முக்கோணம் ஐந்து வயதளவிலும்தான் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கைகூடுகின்றன. சாய்ந்த கோடு கைக்கு அவ்வளவு கடினம். மூன்று வயதுக் குழந்தையின் கையைப் பிடித்து முக்கோணம் போட வைத்துவிட்டு, அதைப் படமெடுத்து வாட்ஸப்பில் தாத்தா பாட்டிக்கு அனுப்புவதில் மகிழ்ச்சி நமக்கு மட்டுமே. அந்த வயதுக்கு, தட்டில் பரப்பிய ரவையில் விரலால் வரைவதும், சப்பாத்தி மாவைத் திரித்து முனைகளைச் சேர்ப்பதும், ஐஸ் குச்சிகளை அடுக்குவதும் போதும்.

சிறியவை சில உண்டு. வட்டம் என்றால் சிவப்பு, சதுரம் என்றால் நீலம் என்று எப்போதும் ஒரே வண்ணத்தில் கொடுத்தால் குழந்தை வண்ணத்தைத்தான் கற்றுக்கொள்கிறது. பந்தைக் காட்டி வட்டம் என்பதும் சரியன்று, பந்து கோளம். கேரட்டைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தோய்த்துத் தாளில் பதித்தால் வரும் அச்சுதான் வட்டம், அதையே சாய்த்து வெட்டினால் நீள்வட்டம். வெண்டைக்காய் பெரும்பாலும் ஐந்து மூலை கொடுக்கும், அதற்குப் பெயர் தேட வேண்டியதில்லை, எண்ணினால் போதும். சதுரத்தைச் செவ்வகம் என்று சொன்ன குழந்தையைத் திருத்த வேண்டாம். நான்கு மூலையும் செங்கோணமாக உள்ள சதுரமும் ஒருவகைச் செவ்வகமே.

மொழி பற்றி ஒரு சொல். வீட்டில் வட்டம், பள்ளியில் சர்க்கிள், கீழே விளையாடும் இடத்தில் இந்தியில் கோல், மராத்தி வகுப்பில் வர்துள் என்று எங்கள் குழந்தைகள் ஒரே வடிவத்தை நான்கு பெயரால் கேட்கிறார்கள். குழம்பிவிடும் என்று பயந்து தமிழ்ப் பெயரை விட்டுவிடும் பெற்றோரை நிறையப் பார்க்கிறேன். தோசைக்கல்லையும் வளையலையும் தாளில் வைத்து ஓரம் சுற்றி வரைந்த குழந்தை குழம்பிப் போய் நான் பார்த்ததில்லை. எந்தப் பெயரைச் சொன்னாலும் அது விரலால் காற்றில் அதே வட்டத்தைத்தான் சுற்றிக் காட்டுகிறது.