எதனால் பட்டது என்று முதலில் கேளுங்கள்

பட்டறையில் முதலுதவிப் பெட்டியின் சாவி என் கைக்கு வந்து பதினெட்டு வருஷமாகிறது. அடிபட்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, “எதனால் பட்டது?” வலியையும் ரத்தத்தையும் மட்டும் வைத்துக் காயத்தை எடைபோட்டு ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

ஹைட்ராலிக் குழாயில், அதாவது எண்ணெய் பெரிய அழுத்தத்தில் ஓடும் குழாயில், எங்கோ எண்ணெய் கசிகிறது என்று ஒரு தம்பி கையால் தடவித் தேடினான். ஆள்காட்டி விரல் நுனியில் குண்டூசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. “எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்குண்ணே” என்றான். நானும் பிளாஸ்டர் ஒட்டி அனுப்பிவிட்டேன். சாயங்காலம் விரல் வீங்கி வெளிறிப்போய், ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன். எண்ணெய் விரலுக்குள்ளேயே உள்ளங்கை வரை ஓடியிருந்தது. 100 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு) அழுத்தமே தோலைத் துளைக்கப் போதும். கிரீஸ் கன்னிலும் பெயின்ட் ஸ்ப்ரேயிலும் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆகவே அழுத்தத்தில் பட்ட புள்ளி எவ்வளவு சிறிதானாலும் நேரே ஆஸ்பத்திரிதான். என்ன திரவம், எவ்வளவு அழுத்தம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். கசிவைத் தேட அட்டைத் துண்டு போதும், கை வேண்டாம்.

ஆணி, கம்பி குத்துவதும் இதே ஜாதிதான். மேலே வாய் மூடிக்கொள்ளும், அழுக்கு உள்ளே தங்கிவிடும். துருவினால்தான் டெட்டனஸ் வரும் என்பார்கள். துருவில் ஒன்றுமில்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி, காற்றுப் புகாத ஆழத்தில் வளர்வதுதான் வில்லங்கம். அழுக்கான காயமாக இருந்து, கடைசி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி போடச் சொல்வார்கள். குத்திய பொருள் இன்னும் உள்ளேயே நின்றால் பிடுங்காதீர்கள். ரத்தத்தை அடைத்துக்கொண்டிருப்பதே அதுவாக இருக்கலாம். அசையாதபடி சுற்றிலும் துணி வைத்துக் கட்டி அனுப்புங்கள்.

வெட்டுக்காயத்துக்குச் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றதா என்று தூக்கித் தூக்கிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. துணி நனைந்தால் மேலேயே இன்னொன்றை வையுங்கள். ரத்தம் அடங்கியதும், கட்டுப் போடுமுன் விரலை மடக்கி நீட்டச் சொல்வேன்; நுனியைத் தொட்டு, “தெரியுதா?” என்பேன். மடங்காவிட்டாலோ மரத்திருந்தாலோ தசைநாணோ நரம்போ போயிருக்கலாம். காயம் வாய் பிளந்து நின்றால் தையல் தேவைப்படும்.

சிராய்ப்புக்கு இத்தனை பாடு இல்லை. ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். இரும்புத்தூள் உள்ளே தங்கினால் ஆறின பிறகும் பச்சை குத்தினது போல் கறுப்பாகவே நிற்கும்.

சுட்டால் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம். ஐஸ், பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். வீங்குவதற்குள் மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். மின்சாரத்தால் சுட்ட காயம், மேலே காசளவு இருந்தாலும் உள்ளே தசை வெந்திருக்கலாம். அது மருத்துவர் பார்க்க வேண்டியது.

ஈர சிமென்ட்டை யாரும் ரசாயனமாக நினைப்பதில்லை. அதன் காரத்தன்மை பி.எச். 12-க்கு மேல். பூட்ஸுக்குள் புகுந்தால் உடனே வலிக்காது. வேலை முடிந்து கழற்றும்போது தோல் வெந்திருக்கும். அன்று தெரியும் எதனால் பட்டது என்று! பொடியாக ஒட்டியிருந்தால் முதலில் தட்டிவிட்டு, அப்புறம் தண்ணீரை நிறைய விட்டுக் கழுவுங்கள்.

விரல் துண்டானால் முதலில் ஆளின் ரத்தத்தை நிறுத்துங்கள். துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். விரலில் ஐஸ் நேராகப் படக் கூடாது. எத்தனை மணிக்கு நடந்தது என்பதைப் பையின் மேலேயே எழுதிவிடுங்கள்.