பழைய அம்பாசிடரில் செல்ஃப் எடுக்காதபோது வயரிங்கைச் சோதிக்கும் முறை

கொங்குப் பகுதியின் தோட்டத்துச் சாளைகளில் (தோட்ட வீடுகளில்) தார்ப்பாய் மூடி நிற்கும் பெட்ரோல் அம்பாசிடர்கள் பலவற்றில் அந்த 1489 சிசி எஞ்சின் இன்னும் நன்றாகவே இருக்கும். ஓட விடாமல் தடுப்பது வயரிங்தான். சாவியைத் திருப்பியும் வண்டி எடுக்கவில்லை என்றால் உடனே செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோவது நம் பக்கத்து வழக்கம். கிணற்று மோட்டார் முனகினால் முதலில் லைனில் வோல்டேஜ் இருக்கிறதா என்று பார்க்கும் நாம், கார் விஷயத்தில் மட்டும் அந்த வரிசையை ஏனோ மறந்துவிடுகிறோம்.

சோதனைக்கு ஒரு மல்டிமீட்டரும், 12 வோல்ட் பல்பில் இரண்டு வயர் இணைத்துச் செய்த டெஸ்ட் லேம்ப்பும் போதும். கியரை நியூட்ரலில் வைத்து, கைப் பிரேக்கை இழுத்துவிட்டு, விரலில் உள்ள மோதிரத்தையும் இரும்புப் பட்டை வாட்ச்சையும் கழற்றி வைத்துவிட வேண்டும். மிகப் பழைய வண்டியாக இருந்தால் பேட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவை எர்த் செய்த வண்டிகளும் உண்டு. கீழே சொல்பவை நெகட்டிவ் எர்த் வண்டிக்கானவை.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொல்லி, வெளிச்சத்தைக் கவனியுங்கள். வெளிச்சம் சற்றும் குறையவில்லை என்றால் செல்ஃபுக்குக் கரண்ட்டே போகவில்லை; சாவி ஸ்விட்ச்சிலோ, சாவி திருப்பியதும் செல்ஃபுக்குப் பெரிய கரண்ட்டை இணைக்கும் சொலினாய்டிலோ கோளாறு. வெளிச்சம் அடியோடு அணைந்தால் பேட்டரி அல்லது அதன் டெர்மினல். வெளிச்சம் நன்றாக மங்கியும் எஞ்சின் சுற்றவில்லை என்றால் செல்ஃபின் பல் எஞ்சினின் பெரிய பல்சக்கரமான ஃப்ளைவீலில் சிக்கியிருக்கலாம். சாவியை அணைத்து, டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் விடுபட்டுவிடும்.

அடுத்தது அளவு. முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும்; 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஆனால் சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணை நம்பிவிடக் கூடாது. செல்ஃப் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் கரண்ட் ஓடுகிறது. 150 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே கரைந்துபோகும். அந்தச் சிறு தடையைச் சாதாரண மீட்டரின் ஓம் அளவில் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி பிளக் பொறிக்கான உயர் வோல்டேஜைத் தரும் காயிலின் நடு வயரைக் கழற்றி எர்த்தில் தொடும்படி வைத்து, செல்ஃபைச் சுற்றவிட்டுக்கொண்டே அளக்க வேண்டும். அப்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து செல்ஃபின் போல்ட் வரை அளந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. நெகட்டிவ் முனையிலிருந்து செல்ஃபின் உடல் வரை 0.2 வோல்ட் அளவோடு நிற்க வேண்டும். மீட்டரின் முனையைக் கிளாம்ப்பில் வைக்காமல் பேட்டரியின் ஈய முனையிலேயே வைப்பது முக்கியம். கோளாறு பெரும்பாலும் அவ்விரண்டுக்கும் இடையில்தான் ஒளிந்திருக்கும். அங்கே பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை, கிளாம்ப்பைக் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்துத் திரும்ப முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவலாம். கழற்றும்போது எர்த் கேபிள் முதலில், மாட்டும்போது கடைசியில்.

எர்த் பக்கத்தைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கோபிசெட்டிபாளையத்தில் என் மாமாவின் வண்டிக்கு ஒரு பட்டறையில் செல்ஃபை இருமுறை மாற்றியும் அது முக்கி முக்கித்தான் சுற்றியது. மூன்றாம் முறை நான் சாவியைத் திருப்பியபோது மாமா தற்செயலாகச் சோக் கேபிளைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் எர்த் பட்டை அடியில் அரித்து இற்றுப்போயிருந்தது. செல்ஃபின் கரண்ட் முழுவதும் சோக் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. சோக் கேபிளோ ஆக்சிலேட்டர் கேபிளோ சுட்டால் வேறெதையும் தேட வேண்டாம், அந்தப் பட்டையைப் பாருங்கள்.

செல்ஃபுக்குக் கரண்ட் போகவே இல்லை என்ற நிலையில், பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு வயரைச் சொலினாய்டின் சிறிய முனையில் தொட்டால் எஞ்சின் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் சாவி ஸ்விட்ச்சோ அங்கிருந்து வரும் வயரோ பழுது. சுற்றாமல் 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் சொலினாய்டின் உள் காண்டாக்ட் கருகியிருக்க வாய்ப்பு அதிகம்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால், காயிலின் நடு வயரைத் திரும்ப மாட்டிவிட்டு இக்னிஷனுக்கு வர வேண்டும். சாவியைப் போட்டு, டெஸ்ட் லேம்ப்பின் ஒரு வயரை எர்த்தில் வைத்து, மற்றதைக் காயிலின் சப்ளை முனையில் தொடுங்கள், எரிய வேண்டும். பிறகு, பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் தொட்டு எஞ்சினைச் சுற்றுங்கள். பல்பு விட்டுவிட்டு எரிந்தால் பாயிண்ட் (காயிலின் கரண்ட்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள சிறு காண்டாக்ட்) திறந்து மூடுகிறது என்று பொருள். விடாமல் எரிந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது அதன் முகத்தில் அழுக்கு. எரியவே இல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரைக் காயிலிலிருந்து கழற்றிப் பாருங்கள்: இப்போது எரிந்தால் காயிலின் பிரைமரி (பேட்டரி கரண்ட் ஓடும் சுற்று) அறுந்துபோகவில்லை, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் வயரோ, பாயிண்ட் முகம் கருகாமல் காக்கும் கண்டன்சரோ எர்த் ஆகியிருக்கிறது, அப்போதும் எரியாவிட்டால் காயில் உள்ளே அறுந்திருக்கிறது. பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை நெடுநேரம் போட்டு வைத்தால் காயில் சூடேறிக் கெட்டுவிடும்; ஒவ்வொரு சோதனைக்கும் பிறகு அணைத்துவிடுங்கள்.

பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை. ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) கொண்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் கேம் பாயிண்டை முழுதாகத் திறந்த இடத்தில் பார்க்க வேண்டும். காயிலின் நடு வயரைக் காப்பிட்ட குறடால் பிடித்து எஞ்சின் இரும்புக்கு ஆறு மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் நீல நிறத்தில் தடித்த பொறி பாய வேண்டும். மெலிந்து மஞ்சளாக வந்து, பாயிண்ட் முகமும் கருகியிருந்தால் கண்டன்சரை மாற்றுங்கள். விலை குறைந்த பொருள், சந்தேகத்தின் பேரில் மாற்றுவதில் தவறில்லை. பிளக் வயர்களைக் கழற்றினால் 1-3-4-2 என்ற வரிசையிலேயே திரும்ப மாட்ட வேண்டும். ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் மழைக்காலக் காலையில் மட்டும் அடம்பிடிக்கும் வண்டிக்கு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்பக்க ஈரத்தைத் துடைத்து வெயிலில் காயவைத்தாலே போதுமானதாக இருக்கும்.

பழுதான வயரை மாற்றும்போது, வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி வயரைப் போடாதீர்கள். எஞ்சின் அதிர்வில் அது காப்புக்குள்ளேயே ஒடிந்து, வெளியே நன்றாக இருப்பதுபோல் தோற்றம் காட்டும். பல இழை வயரை, அழுத்தி இறுக்கும் லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) போட்டு, தகரத்தைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் வைத்து இழுங்கள். தேங்காய் குவித்த கொட்டகையில் நிற்கும் வண்டியாக இருந்தால், பானெட்டை வாரம் ஒருமுறை திறந்து எலி கடித்த தடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.