'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்தை முகம் முகமாகப் பார்ப்பது எப்படி

முதல் தடவை எதையும் குறிக்காதீர்கள். 1924-இல் வந்த இந்த மௌனப் படம் சுமார் இரண்டரை மணி நேரம் ஓடும். பறக்கும் கம்பளத்தையும் சிறகு முளைத்த குதிரையையும் ஆசை தீரப் பாருங்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். படம் முடிந்ததும் என் மகள், "அப்பா, இதில பாக்தாத்காரங்க யாராவது நடிச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நல்ல பிரதியாகத் தேடி எடுங்கள். மங்கலான பிரதியில் முகங்கள் பிடிபடாது. நோட்டின் இடப்பக்கம் பாத்திரமும் கதைப்படி அவர் ஊரும். வலப்பக்கம் நடித்தவரும் அவர் பிறந்த நாடும். திருடன் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், இளவரசி ஜூலான் ஜான்ஸ்டன், இருவரும் அமெரிக்கர். கலீஃபா பிரான்டன் ஹர்ஸ்ட், ஆங்கிலேயர். மகளின் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே கிடைத்துவிட்டது.

அப்புறம் பெண் கேட்டு வரும் மூன்று இளவரசர்களுக்கு வாருங்கள். மங்கோலிய இளவரசன் ஜப்பானியரான சோஜின் காமியாமா. மீசை வைத்த குண்டுப் பாரசீக இளவரசன் மதில்ட் கோமோன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி! இந்திய இளவரசனாக வரும் நோபிள் ஜான்சன் ஆப்பிரிக்க அமெரிக்கர். இவர் பெயருக்கு அடியில் கோடு போடுங்கள். 1916-இல் தம்பியோடு சேர்ந்து லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனியைத் தொடங்கியவர். கறுப்பின மக்களுக்காகக் கறுப்பினத்தவரே நடத்திய நிறுவனம் அது. அங்கே பொறியியல் படித்த கதாநாயகனாக நடித்தவருக்கு இங்கே கிடைத்தது முறைத்துக்கொண்டு நிற்கும் வேடம்.

மூன்றாம் தடவை அன்னா மே வாங்குக்காக மட்டும் பாருங்கள். 1905-இல் லாஸ் ஏஞ்சல்ஸிலேயே பிறந்த சீன வம்சாவளி நடிகை. பாத்திரத்துக்குப் பெயர்கூடக் கிடையாது, வெறும் 'மங்கோலிய அடிமை'. இளவரசியின் அறையில் திருடன் அவர் முதுகில் கத்தி முனையை வைக்கும் காட்சியில் பின்னணி இசையை நிறுத்திவிடுங்கள். இசை நம் கண்ணை வேறு பக்கம் இழுத்துவிடும். அசையாமல் நின்றே பயத்தைக் காட்டிவிடுகிறார். எனக்கு இந்தப் படத்திலேயே மிகச் சிறந்த நடிப்பு அதுதான்.

வெள்ளையர் அல்லாத ஒவ்வொரு நடிகரின் பாத்திரத்துக்கும் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்: பெயர் உண்டா, என்ன ஆசைப்படுகிறது, யாருக்காக வேலை செய்கிறது? மங்கோலிய இளவரசன், உயிர் காக்கும் மாயக் கனி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு மீனவனைப் பாம்பு விஷத்துக்குப் பலி கொடுக்கத் துணிகிறான். பாக்தாத் நகரத்தையே பிடிக்கிறான். அவனுக்கு உளவு பார்ப்பதுதான் வாங்குக்குக் கொடுத்த வேலை.

பக்கத்திலேயே காலத்தையும் குறியுங்கள். படம் மார்ச்சில் வெளியானது. அதே ஆண்டு மே மாதம், ஆசியர்கள் குடியேறுவதை ஏறக்குறைய முழுதாகத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் கையெழுத்தானது. கலிஃபோர்னியாவில் வெள்ளையரும் சீன வம்சாவளியினரும் மணந்துகொள்ள 1948 வரை தடை இருந்தது. வெள்ளைக் கதாநாயகனோடு சேரும் இளவரசி வேடம் வாங்கின் பக்கம் ஏன் திரும்பவே இல்லை என்பதை இதையும் வைத்துப் பாருங்கள்.

1928-இல் வாங் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். சரி, அடுத்து அவர் நடித்து 1929-இல் வந்த பிரிட்டிஷ் படம் 'பிக்கடிலி'யைப் போடுங்கள். அதே நோட்டு, அதே மூன்று கேள்விகள்.