பன்றி இதய வால்விலிருந்து சாரம் தயாரிப்பது: முதல் தடவை செய்பவர்களுக்கு

மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கமிருந்து எல்லை தாண்டி எங்கள் லேபுக்கு எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்ய வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது பாலிமரை மெல்லிய நாராக நூற்கும் எலக்ட்ரோஸ்பின்னிங் மெஷினைத்தான். நான் கையில் கொடுப்பது பன்றி இதயம். அதன் வால்விலிருந்து செல்களை நீக்கிவிட்டு, மிஞ்சும் நார்க்கூட்டைப் புதுச் செல்கள் குடியேறும் சாரமாக (scaffold) ஆக்குவதுதான் வேலை.

வால்வின் இதழ் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அதற்குள் மூன்று அடுக்கு: ஒன்றில் உறுதி தரும் கொலாஜன் நார், ஒன்றில் இழுபட்டு மீளும் எலாஸ்டின் நார், நடுவில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் சர்க்கரைச் சங்கிலிகள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகிறது. பாலிமரில் இதைக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. பிஜிஏ என்ற பாலிமர் சில வாரங்களில் வலுவிழக்கிறது. அதற்குள் செல்கள் தங்கள் கொலாஜனைப் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இதழ் கிழியும். பிசிஎல் என்ற இன்னொரு பாலிமர் கரைய இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். ரத்தம் உறையும்போது உண்டாகும் புரதமான ஃபைப்ரினில் செய்த ஜெல்லைச் செல்களே இழுத்துச் சுருக்கிவிடும். இதழ்கள் நடுவில் சேராது, ரத்தம் பின்னால் ஒழுகும். பன்றி வால்வில் வடிவமும் அடுக்கும் ஏற்கெனவே இருக்கின்றன. செல்களை மட்டும் நீக்கினால் போதும்.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தின் சித்திரா வால்வு 1990 முதல் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் உலோகமும் பிளாஸ்டிக்கும் குழந்தையோடு சேர்ந்து வளராது. ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை வேண்டும். வளரும் வால்வு நம் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் இத்தனை பாடும்.

சரி, வேலைக்கு வருவோம். இறைச்சிக் கடையில் முதல்நாளே சொல்லி வையுங்கள். ரத்தம் வடிய இதயத்தைக் கீறித்தான் வைப்பார்கள், அந்தக் கீறல் பல நேரம் வால்வு வழியாகவே போய்விடும். "அண்ணாச்சி, ஹார்ட்டக் கீறாமத் தாங்க, மேல குழாய் ரெண்டு விரல் நீளம் நிக்கட்டும்" என்று சொன்னால் புரிந்துகொள்வார். குளிர்ந்த பிபிஎஸ்ஸில் (உடலில் உள்ள அளவு உப்புள்ள பஃபர் கரைசல்) போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே லேபுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

மகாதமனியை வால்வோடு சேர்த்து வெட்டி எடுங்கள். பன்றியின் வலது கரோனரி இதழின் (வலது கரோனரி ரத்தக்குழாய் கிளம்பும் பக்கத்து இதழ்) அடியில் ஒரு தசைத் திட்டு உண்டு; மனித வால்வில் அப்படி இருக்காது. அதைப் பொறுமையாகச் சீவுங்கள். மிஞ்சும் செல்கள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

முதல் ராத்திரி 10 மில்லிமோலார் டிரிஸ் பஃபர் கரைசல், அதில் உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ, 4 டிகிரி. உப்புக் குறைந்த தண்ணீரில் செல்கள் ஊதி வெடிக்கும். புரதத்தைச் சிதைக்கும் என்சைம்களை அடக்க புரோட்டியேஸ் தடுப்பானையும் சேர்க்க வேண்டும். மறுநாள் செல்களைக் கரைக்கும் டிடர்ஜென்டான எஸ்டிஎஸ், 0.1 சதவீதம், 24 மணி நேரம், அறை வெப்பத்தில் மெதுவான குலுக்கலில். பிரிட்ஜில் வைத்தால் எஸ்டிஎஸ் படிகமாகிவிடும். பொட்டாசியம் உள்ள பஃபரில் கலந்தாலும் வெள்ளையாக வீழ்படிந்துவிடும், அதனால் டிரிஸ்ஸிலேயே கரையுங்கள். தூளை எடை போடும்போது மாஸ்க் கட்டாயம். முடியும்போது இதழ் நுங்குச் சதை மாதிரி வெளுத்து, வெளிச்சம் புகும்படி இருக்கும்.

அப்புறம் மிஞ்சிய டிஎன்ஏவைத் துண்டாக்கும் என்சைமான டிஎன்ஏஸ். அதற்கு மக்னீசியம் வேண்டும். இடிடிஏ மிச்சமிருந்தால் மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், என்சைம் சும்மா கிடக்கும். ஆகவே நன்றாக அலசிவிட்டு 37 டிகிரியில் சில மணி நேரம் வையுங்கள்.

இனி வருவதுதான் முழு வேலையிலும் முக்கியமானது: கழுவுவது. எஸ்டிஎஸ் கொலாஜனோடு ஒட்டிக்கொள்ளும். மிச்சமிருந்தால் நாம் விதைக்கும் புதுச் செல்கள் செத்துப்போகும். நுரை நின்றுவிட்டது என்று நிறுத்தாதீர்கள். பிபிஎஸ்ஸை மாற்றி மாற்றி நாள்கணக்கில் கழுவுங்கள். கடைசியாகக் கழுவிய நீரில் கொஞ்சம் எடுத்து மெத்திலீன் புளூவும் குளோரோஃபார்மும் சேர்த்துக் குலுக்கி வையுங்கள். எஸ்டிஎஸ் இருந்தால் நீலம் அடியிலுள்ள குளோரோஃபார்முக்கு இறங்கும். வெறும் பிபிஎஸ்ஸில் அதே சோதனையைச் செய்து பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாகும்வரை கழுவல் முடியவில்லை. குளோரோஃபார்ம் வேலை ஃப்யூம் ஹூடுக்குள் (ஆவியை வெளியே இழுக்கும் அடைப்பு) மட்டும்.

சோதனையில் சமரசம் கூடாது. உலர்ந்த திசு ஒரு மில்லிகிராமுக்கு இரட்டை இழை டிஎன்ஏ 50 நானோகிராமுக்குக் கீழே வர வேண்டும். டிஎன்ஏவோடு ஒட்டி ஒளிரும் டாபி சாயத்தில் நியூக்ளியஸ் ஒன்றும் தெரியக்கூடாது. இதழ், அடிப்பகுதி, குழாய்ச் சுவர் மூன்றிலிருந்தும் துண்டு எடுங்கள். செல் நீக்கிய பன்றி வால்வு பொருத்தப்பட்ட நான்கு குழந்தைகளில் மூவர் இறந்ததை வியன்னா மருத்துவர்கள் 2003இல் வெளியிட்டார்கள். பொருத்துவதற்கு முன்பே எடுத்து வைத்த மாதிரிகளில் செல்கள் முழுதாக நீங்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. டிஎன்ஏ சோதனையில் தேறினாலும் ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரை மிஞ்சியிருக்கலாம். மனித உடல் அதை எதிர்க்கும், அதனால் அதையும் தனியாகச் சோதிக்க வேண்டும்.

தேறிய சாரத்தை 0.1 சதவீத பெராசெட்டிக் அமிலத்தில் கிருமி நீக்கி, மறுபடி கழுவி, ஆன்டிபயாட்டிக் சேர்த்த பிபிஎஸ்ஸில் 4 டிகிரியில் வையுங்கள். வெறுமனே ஃப்ரீசரில் போடாதீர்கள், பனிப்படிகம் நார்களைப் பிரித்துவிடும். குளூட்டரால்டிஹைடும் வேண்டாம், அது திசுவைப் பதப்படுத்திவிடும், செல்கள் உள்ளே குடியேறாது, நாளடைவில் கால்சியமும் படியும். டப்பா மேல் தேதியோடு எந்த இதயம், எந்தக் கழுவல் என்பதையும் எழுதி ஒட்டுங்கள்.